சீல் வைத்தது தெரியும், பிரித்தது தெரியாது

நம் ஊரில் ஒரு கட்டடத்துக்கு சீல் வைத்தால் மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். பூட்டு, பூட்டைச் சுற்றிய துணி, அதன் மேல் அரக்கு, பின்னால் நான்கைந்து அதிகாரிகள், கொஞ்சம் தள்ளி ஒரு போலீஸ்காரர். ஆறு மாதம் கழித்து அதே கட்டடத்தில் விளக்கு எரியும்போது படம் எடுக்க ஒருவரும் வருவதில்லை. சீலை எந்த உத்தரவின் பேரில் பிரித்தார்கள், உத்தரவு போட்டவர் யார், அதற்கு என்ன காரணம் எழுதினார் என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால் ஒரே பதில்தான்: "அப்பீல்ல இருக்கு சார்."

எங்கள் தெருவிலும் அப்படி ஒன்று உண்டு. மேற்கு மாம்பலத்துக் குறுக்குத் தெரு, இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். ஸ்டில்ட் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்), அதற்கு மேல் மூன்று மாடி என்று அனுமதி வாங்கிய மனையில் நான்காவது மாடி எழும்பியது. அந்தச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் போக வேண்டுமென்றால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா சமையலறையில் பகலிலேயே லைட் போட்டுச் சமைக்கிறார். கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள், மழையில் அது வெளுத்துப்போனது. அப்புறம் பூட்டு, அரக்கு. அப்புறம் ஒருநாள் பூட்டைக் காணோம். வாட்ச்மேன்தான் எங்களுக்கு அரசுச் செய்தித் தொடர்பாளர்: அப்பீல் போட்டிருக்கிறார்களாம், கோட்டையில் இருக்கிறதாம்.

இந்த 'கோட்டையில் இருக்கிறது' என்பதற்குச் சட்டப்படி என்ன பொருள் என்று தேடத் தொடங்கியதில் பிறந்ததுதான் இந்தப் பதிவு.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் மூலம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். கட்ட அனுமதி கேட்டு 49ஆம் பிரிவின் கீழ் மனு போடுகிறோம். மறுத்தால் 79ஆம் பிரிவின்படி மேல்முறையீடு. அனுமதியை மீறிக் கட்டினால் 56, 57ஆம் பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வரும்: நிறுத்து, இடி, பழைய நிலைக்குக் கொண்டு வா. அதை எதிர்த்து 80-அ பிரிவில் அரசிடமே போகலாம். அரசு என்றால் நடைமுறையில் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை. மனு வந்ததும் துறை அதைத் திட்ட அனுமதி தரும் அமைப்புக்கு அனுப்பி 'பத்திவாரி குறிப்புரை' கேட்கும். மனுதாரர் ஒவ்வொரு பத்தியிலும் சொல்லியிருப்பதற்கு அலுவலகம் பத்தி பத்தியாகப் பதில் எழுத வேண்டும். அது வந்த பிறகு விசாரணை, அப்புறம் ஆணை. இந்தக் குறிப்புரை போய் வருவதற்குள் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, ஆட்களும் குடி வந்துவிடுவது உண்டு.

இதில் இரண்டே தரப்பு: கட்டியவர், அரசு. இருட்டில் சமைக்கும் அம்மாவுக்கு நோட்டீஸ் கிடையாது. புகார் கொடுத்ததே அவராக இருந்தாலும், மேல்முறையீடு வந்திருக்கிறது என்று யாராவது அவரிடம் சொல்வார்களா என்பது அவரது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தெரிந்துகொண்டால் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கேட்டு மனு கொடுக்கலாம். தெரிந்துகொள்வதுதான் பிரச்சினை.

அனுமதி தரும் பக்கம் இவ்வளவு இருட்டு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் மாடி மாடியாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்ட பல விஷயங்கள் இன்று சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஒரு சர்வே எண் எந்த நிலப் பயன்பாட்டில் வருகிறது, இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) என்ன சொல்கிறது என்பதெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2019 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித் தொகுப்பு இருக்கிறது. கட்டுமான இடத்தில் அனுமதி விவரப் பலகை வைக்க வேண்டும் என்பது அதில் உண்டு. விற்பனைக்குக் கட்டும் அடுக்ககமாக இருந்து, மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ, ரெரா எனும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பதிந்தாக வேண்டும். அங்கே அங்கீகரித்த வரைபடமே இருக்கும். அது வீடு வாங்குபவருக்காகச் செய்த ஏற்பாடு, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட சுயசான்று முறை, அதாவது விதிப்படிதான் கட்டுகிறேன் என்று கட்டுபவரே சான்று சொல்லி அனுமதி எடுப்பது, வந்துவிட்டது, அதுவும் இணையத்தில்தான். ஆக, அனுமதி கிடைப்பது வெளிச்சத்தில் நடக்கிறது. மறுத்தது, மீறியது, அதை எதிர்த்து முறையிட்டது, கடைசியில் என்ன ஆனது என்ற பின்பாதிதான் வெளியே வருவதில்லை. சர்வே எண்ணையோ தெருப் பெயரையோ போட்டு, 'இங்கே மேல்முறையீடு ஏதாவது நிலுவையில் உண்டா' என்று பார்க்க ஒரு பட்டியலை நான் தேடிய வரையில் காணவில்லை.

இது புதிய வியாதி இல்லை. இதே சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் எந்த விதியிலிருந்தும் விலக்கு தரும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. 1980களில் அப்படிக் கொடுத்த விலக்குகளை எதிர்த்து சென்னையின் நுகர்வோர் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சட்டப்பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம், ஆனால் அதன் கீழ் போட்ட 62 அரசாணைகள் நிற்கவில்லை. விலக்கு ஏன் கொடுத்தோம் என்பதற்கு ஆணைகளில் காரணமே இல்லை. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: ஆணை எழுதும்போதே 'இதைப் பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார்' என்ற நினைப்பு இருந்திருந்தால், காரணம் எழுதாமல் கையெழுத்துப் போட யாருக்கும் கை வந்திருக்காது.

அதற்குப் பிறகும் கதை நின்றபாடில்லை. 113-அ என்று ஒரு வரன்முறைத் திட்டம் (விதி மீறிக் கட்டியதைச் சட்டப்படி ஏற்றுக்கொள்வது), 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு மட்டும், ஒரே ஒரு முறை என்றார்கள். அந்த 'ஒரே ஒரு முறை' அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. நீட்டித்ததை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் 113-சி வந்து, தேதி 2007 ஜூலை 1 ஆனது. நடுவே 2011 அக்டோபர் கடைசியில் தி.நகர் ரங்கநாதன் தெருவையும் உஸ்மான் சாலையையும் சுற்றிப் பெரிய கடைகளுக்கு சீல் வைத்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அடுத்த பொங்கலுக்குள் உச்ச நீதிமன்றத்தின் தற்காலிக அனுமதியோடு கடைகள் திறந்துவிட்டன. அங்கே நீதிமன்ற உத்தரவு இருந்ததால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்க முடிந்தது. கோர்ட்டுக்குப் போகாமல் துறைக்குள்ளேயே முடிகிற மேல்முறையீடுகளுக்கு அந்த வசதிகூட இல்லை.

லண்டன் பக்கம் ஹாரோவில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். இதைப் பற்றி போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது, "அண்ணா, என் பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் ரூம் இழுக்கப் பார்த்தார், கவுன்சில் மறுத்துவிட்டது, அப்பீல் போனார். வேண்டுமானால் படித்துப் பாருங்கள்" என்று ஒரு இணைப்பை அனுப்பினான். எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அப்பீல் இவன் கையில் எப்படி?

திறந்தால் எல்லாம் இருக்கிறது. விண்ணப்பம், இப்போதுள்ள வீட்டின் வரைபடம், கட்ட நினைத்த வரைபடம், கவுன்சில் அதிகாரியின் அறிக்கை, மறுப்புக் கடிதம். போன் நம்பரையும் கையெழுத்தையும் மட்டும் கறுப்படித்திருந்தார்கள். அந்த நாட்டில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு கவுன்சிலும் திட்ட விண்ணப்பங்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, கேட்பவர் யாராக இருந்தாலும் காட்ட வேண்டும். மேல்முறையீடு போனால் பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற அமைப்பு ஓர் ஆய்வாளரை நியமிக்கும். அவர் இடத்தை நேரில் பார்த்து முடிவெடுப்பார். மேல்முறையீடு வந்திருப்பதை அக்கம்பக்கத்தாருக்குக் கவுன்சில் கடிதம் போட்டுச் சொல்லும். என் தம்பிக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது.

ஆய்வாளரின் முடிவை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். இரண்டே பக்கம், பத்திக்குப் பத்தி எண். முதலில், முடிவு செய்ய வேண்டிய பிரச்சினை என்ன என்று ஒரு வரி: பக்கத்து வீட்டில் வசிப்பவர்களின் வாழ்நிலை மீது, குறிப்பாக அவர்களுக்கு வரும் வெளிச்சத்தின் மீது, இந்தக் கட்டுமானம் என்ன விளைவை உண்டாக்கும்? பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து 45 டிகிரியில் கோடு கிழித்தால் புதுச் சுவர் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. ஜன்னல் சமையலறை ஜன்னல். ஆகவே தள்ளுபடி. அந்தச் 'சமையலறை ஜன்னல்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் தெரு ஆணையில் அந்த அம்மாவின் சமையலறை ஒரு வார்த்தையாவது இருக்குமா?

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்திலும் மேல்முறையீட்டு உரிமை கட்ட நினைப்பவருக்குத்தான், அனுமதி கொடுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார் எதிர்த்து அப்பீல் போக முடியாது. கோர்ட்டுக்கு வேண்டுமானால் போகலாம், செலவு கண்ணைக் கட்டும். அயர்லாந்து இதில் ஒரு படி மேல். முதலிலேயே கவுன்சிலில் ஆட்சேபம் தெரிவித்தவர் யாரும், கட்டணம் கட்டி, நான்கு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதனால் வீடு கட்டுவது தாமதமாகிறது என்று அங்கே பெரிய சண்டையே நடக்கிறது. நான் அந்த உரிமையைக் கேட்கவில்லை. பேச விடாவிட்டாலும், என்ன பேசினீர்கள் என்று படிக்கவாவது விடலாமே என்பதுதான்.

சரி, நம்மிடம் ஆர்.டி.ஐ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நாட்டிலேயே முதன்முதலாக 1997இல் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள்தான் அதிகம் என்பது வேறு விஷயம். 2005இன் மத்தியச் சட்டம் அதைவிடப் பலமானது. அதன் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. நிர்வாக முடிவானாலும் விசாரணை நடத்தி எடுக்கும் முடிவானாலும், பாதிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று 4(1)(டி) தெளிவாகவே சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் என்றால் மனுதாரர் மட்டுமா? வெளிச்சம் போனவர் யாராம்?

நடைமுறையில் 6ஆம் பிரிவு மனுதான் கைகொடுக்கும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறார், அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவர். நான் எழுதிய முதல் மனுவை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏன் சீலைப் பிரித்தீர்கள், யார் பொறுப்புன்னு கேட்டிருக்கீங்க. ஏன், எதற்குங்கறது தகவல் இல்ல சார், கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லைன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. காகிதத்தைக் கேளுங்க." அவர் சொன்னபடி திருத்தினோம்: இந்தக் கதவு எண், இந்த சர்வே எண், இது தொடர்பான மேல்முறையீட்டு மனுவின் நகல், பத்திவாரி குறிப்புரையின் நகல், ஆணையின் நகல், குறிப்புக் கோப்பு உட்பட முழுக் கோப்பையும் நேரில் பார்வையிட அனுமதி. கடைசியில் கேட்டதுதான் முக்கியம் என்றார். நகல் கேட்டால் எது வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், பார்வையிட்டால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

ஓர் அலுவலகத்தில் அப்படிப் பார்க்கக் கிடைத்தது. பெயர் வேண்டாம். மேசை ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், டீகூட வந்தது. டேக் கோர்த்த தடிக் கோப்பு. மடித்து மடித்து ஓரம் கிழிந்த வரைபடத்தில் மீறிக் கட்டிய பகுதிக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பக்க இடைவெளி எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. நாங்கள் தெருவில் நின்று கண்ணளவில் சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ ஒரு உதவிப் பொறியாளர் டேப் பிடித்து அளந்து, நியாயமாகவே எழுதி வைத்திருந்தார். மேல்முறையீட்டு மனுவில் கட்டியவர் சொல்லியிருந்த காரணங்கள் மூன்று: விதி தெரியாது, பெரும் பொருட்செலவு ஆகிவிட்டது, அக்கம்பக்கத்தாருக்கு இதனால் எந்த இடையூறும் இல்லை. மூன்றாவதைப் படித்ததும் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது நமக்குத் தெரியாம போயிடுச்சே" என்றார். அக்கம்பக்கத்தார் சார்பில் கட்டியவரே பேசியிருக்கிறார். குறிப்புரையில் அலுவலகம் அந்தப் பத்திக்கு எழுதிய பதில், 'மனுதாரரின் கூற்று'. அவ்வளவுதான், மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை.

எல்லாருக்கும் இப்படிக் கோப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வழக்கமாக வரும் தடை ஒன்று உண்டு: இது மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம். ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) முன்பு இதற்குக் கொஞ்சம் இடைவெளி வைத்திருந்தது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விவரம் என்றால்தான் மறுக்கலாம், சட்டமன்றத்துக்குத் தர மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்றெல்லாம் வாசகங்கள் இருந்தன. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகங்களை எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தாயிற்று. இனி பொதுநலன் பெரிது என்று வாதாட 8(2) ஒன்றுதான் மிச்சம். ஒருவரது ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தனிப்பட்டவை, சந்தேகமில்லை. ஆனால் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற நான்காவது மாடி எப்படித் தனிப்பட்ட தகவல் ஆகும் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு பக்கம் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் போகிறது. 2024 நவம்பர் 13 அன்று புல்டோசர் இடிப்புகள் பற்றிய வழக்கில் நீதிபதிகள் கவாயும் விஸ்வநாதனும் கொடுத்த தீர்ப்பில் ஒரு கட்டளை இருக்கிறது: ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் மூன்று மாதத்துக்குள் ஓர் இணையதளம் ஏற்படுத்தி, இடிப்பு நோட்டீஸ், அதற்கு வந்த பதில், அதன் மேல் போட்ட ஆணை எல்லாவற்றையும் அதில் வைக்க வேண்டும். முன்தேதியிட்டு நோட்டீஸ் கொடுத்ததாகச் சொல்லி வீட்டை இடித்துவிடக் கூடாது என்பதற்காக, அதாவது வீட்டுக்காரரைக் காப்பாற்றத்தான் இது. ஆனால் அந்தத் தளம் ஒழுங்காக நடந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வெளிச்சம் கிடைக்கும்.

அடுத்த மாதமே, டிசம்பர் 17 அன்று, மீரட் கட்டடம் ஒன்று பற்றிய வழக்கில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் இன்னும் நேரடியாகவே சொன்னார்கள். அங்கீகரித்த வரைபடத்தைக் கட்டுமானம் முடியும்வரை அந்த இடத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டும். பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு தரக் கூடாது. வரன்முறை கேட்டோ, பணி நிறைவுச் சான்று மறுத்ததை எதிர்த்தோ வரும் மேல்முறையீடுகளை, ஏற்கெனவே நிலுவையில் இருப்பவை உட்பட, 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

90 நாள் என்பது நல்ல கெடுதான். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? மனு என்றைக்கு வந்தது என்பது கட்டியவருக்கும் துறைக்கும்தான் தெரியும். இழுபட்டால் கட்டியவருக்கு நஷ்டமில்லை, மாதா மாதம் வாடகை வருகிறது. துறைக்கும் அவசரமில்லை. 'கெடு தாண்டிவிட்டது' என்று கேட்கக் காரணம் இருக்கிற ஒரே ஆளுக்குத் தேதி தெரியாது. தேதியைச் சொல்லாமல் கெடு மட்டும் விதித்தால் அதைக் காவல் காக்க யார் இருக்கிறார்கள்?

பெரிய மென்பொருளெல்லாம் வேண்டாம். சர்வே எண், தெரு, மேல்முறையீடு வந்த தேதி, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஆணை போட்டிருந்தால் அதன் நகல். கட்டியவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, அப்படி ஒரு பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும், ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்களே என்று ஒருவர் கேட்டார். கண்காணிப்பாளர் தலையாட்டி மறுத்தார். ஒவ்வொரு உதவியாளர் மேசையிலும் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. வந்த தேதி, கோப்பு எண், பொருள், யாருக்கு அனுப்பியது, எப்போது முடித்தது என்று வரிசையாகப் பத்தி போட்டு அதில் எழுதியாக வேண்டும். கணினிக்கு மாறிய இடங்களில் அதே விவரம் திரையில் இருக்கும். "புதுசா ஒண்ணும் தயாரிக்க வேண்டாம் சார். அந்தப் பிரிவு உதவியாளரோட தன்பதிவேட்டுல இந்த ரெண்டு வருஷப் பக்கங்களோட நகல் வேணும்னு எழுதுங்க. இல்லைன்னு சொல்ல முடியாது. இல்லைன்னா அவர் வேலையே பார்க்கலைன்னு அர்த்தம்."

அடுத்த மனு அந்த வாசகத்தோடுதான் போகிறது. ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று.